அதே குளம், அதே 38 பறவைகள்: அலுப்புக்கு என்ன மருந்து?

கேள்வி: வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஒரு சிறிய இயற்கைக் காப்பகம் இருக்கிறது. ஒரு குளம், கரையில் கோரை, சுற்றிலும் கொஞ்சம் மரங்களும் புதர்களும். எட்டு மாதங்களாக வாரம் ஒருமுறை போகிறேன். முதல் இரண்டு மாதங்களில் 38 வகைப் பறவைகளைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றோ இரண்டோதான். வேறு இடம் தேட வேண்டுமா? இங்கேயே தொடர்ந்தால் எதைக் குறித்துவைக்க வேண்டும்? நல்ல கேமரா அவசியமா? அதிகாலையில் போக இயலாது. ஒன்பது மணிக்குத்தான் அங்கே போய்ச் சேர முடிகிறது.

பதில்: கேமராவை முதலில் முடித்துவிடுவோம். இப்போதைக்கு வேண்டாம். கேமரா கையில் இருந்தால் வெளிச்சம் சரியாக விழுகிறதா, பறவை இன்னும் கொஞ்சம் திரும்புமா என்பதிலேயே புத்தி நிற்கும். பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பது தப்பிவிடும். அபூர்வமாக ஏதாவது வந்து, பிறர் நம்பச் சாட்சி தேவைப்பட்டால், கைபேசியை பைனாகுலரின் கண்வில்லையோடு ஒட்டிவைத்து எடுக்கும் மங்கலான படமே போதும்.

இனி அலுப்புக்கு வருகிறேன். நீங்கள் இதுவரை பெயர்களைச் சேகரித்திருக்கிறீர்கள். ஒரு பெயர் பட்டியலில் ஏறியதும் அந்தப் பறவையோடு உங்கள் கணக்கு தீர்ந்துவிடுகிறது. சின்ன இடத்தில் இந்த விளையாட்டு இரண்டு மாதங்களில் முடியத்தான் செய்யும். எந்த இடத்திலும் முதல் சில நடைகளில் பெயர்கள் மளமளவென்று ஏறும், பிறகு ஏற்றம் படுத்துவிடும். பெரிய சரணாலயத்துக்குப் போனால் 38இல் படுப்பது 120இல் படுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வேறு இடங்களுக்கும் போய் வாருங்கள், தவறில்லை. ஆனால் இந்தக் குளத்தில் இனி பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடியுங்கள்.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். என் வாடிக்கைக் குளத்தில் ஒன்பது ஆண்டுகள் தாழைக்கோழிக்கு நேராக ஒரு டிக் மட்டும் போட்டுவந்தேன். எப்போதும் கண்ணில் படும் பறவை, அதைப் போய் யார் எண்ணுவார்கள்? பிறகு ஒரு பருவத்தில் கரையோரக் கோரையை அடியோடு வெட்டியெடுத்தார்கள். அதற்குப் பிறகு தாழைக்கோழி குறைந்துவிட்டதாக எனக்குப் பட்டது. பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவரிடம் கொஞ்சம் சூடாகவே போய்ச் சொன்னேன். “முன்பு எத்தனை இருந்தன?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் ஒன்பது ஆண்டு டிக் இருந்தது, ஓர் எண்கூட இல்லை. வெட்டிய பிறகும் ஒரு ஜோடி மிச்சம் இருந்ததால் டிக் இடைவெளியில்லாமல் தொடர்ந்திருந்தது. என் நோட்டுப் புத்தகத்தின்படி அந்தக் குளத்தில் எதுவுமே நடக்கவில்லை!

ஆகவே எண்ணுங்கள், அதுவும் சாதாரணப் பறவைகளை முதலில். ஒவ்வொரு முறையும் ஒரே வழியில், ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதுங்கள். முக்குளிப்பானை எண்ணும்போது பொறுமை வேண்டும். நான்கு இருந்தால் இரண்டு எப்போதும் நீருக்குள் இருக்கும். ஒரே இடத்தில் நின்று மூன்று நான்கு முறை எண்ணி, கிடைத்ததில் பெரிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கூட்டமாகப் பறப்பவற்றுக்கு முதலில் பத்துப் பறவைகளை எண்ணிப் பத்து என்றால் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். தொடக்கத்தில் தப்பாகத்தான் வரும். உங்கள் தப்பு வாராவாரம் ஒரே மாதிரி இருக்கும் வரை ஏற்ற இறக்கம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்பது மணிக்குத்தான் போக முடிகிறது என்று வருந்த வேண்டாம். புதர்ப் பறவைகளின் பாட்டைக் கேட்க விடியற்காலைக்கு ஈடில்லை, உண்மைதான். நீர்ப்பறவைகள் பகல் முழுக்க அங்கேதான் இருக்கும். கழுகும் பருந்தும் தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழுந்த பிறகுதான் வட்டமிட்டு உயரும். ஆறு மணிக்கு வந்து ஏழரைக்குத் திரும்புகிறவர் அவற்றைக் காண்பது அரிது. நல்ல நேரத்தில் போவதைவிட ஒரே நேரத்தில் போவது முக்கியம். ஒரு வாரம் ஆறு மணிக்கும் மறுவாரம் ஒன்பதுக்கும் போனால், குறைந்தது பறவையா வெளிச்சமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பருவத்துக்கு ஒருமுறை மட்டும் இந்த ஒழுங்கை மீறி அந்தி சாயும் வரை இருந்து பாருங்கள். பகலெல்லாம் உங்கள் தலைக்கு மேலே அடர்ந்த கிளையில் தூங்கிக்கொண்டிருந்த வக்கா என்ற இராக்கொக்கு, இருட்டும் நேரத்தில் ‘குவாக்’ என்று கத்திக்கொண்டு கிளம்பும். உங்களுடைய அடுத்த புதிய பறவை எட்டு மாதங்களாக அங்கேயே இருந்திருக்கலாம்.

அடுத்தது, ‘இல்லை’ என்று எழுதப் பழகுவது. வலசைப் பறவை வந்த நாளைக் குறிப்பது எளிது. பார்த்த அன்றே தெரிந்துவிடும். போன நாள் அப்படியில்லை. எந்தப் பறவையும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. தகைவிலான் 14ஆம் தேதி இருந்தது, 21ஆம் தேதி இல்லை, 28ஆம் தேதியும் இல்லை என்று மூன்று குறிப்புகள் இருந்தால்தான் அது கிளம்பிய வாரம் கிடைக்கும். அந்த ‘இல்லை’ செல்லுபடியாக வேண்டுமென்றால், அன்று அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்க வேண்டும். பிடித்ததை மட்டும் எழுதினால், விட்டுப்போனது வராத பறவையா நீங்கள் சட்டை செய்யாத பறவையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிந்துவைக்கும், 2002 முதல் இயங்கிவரும் ஈபேர்ட் இணையதளத்தில் ஒவ்வொரு பட்டியலைப் பதியும்போதும் ‘கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் தருகிறீர்களா’ என்ற கேள்வி வருவது இதனால்தான். எண்ணாத பறவைக்கு எண்ணுக்குப் பதில் எக்ஸ் போடவும் அங்கே இடமுண்டு. அந்தச் சலுகையைக் கூடியமட்டும் தொடாதீர்கள். ‘சுமார் 40’ என்பது எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

பறவை தவிர ஒன்றே ஒன்றைக் குறிக்கச் சொன்னால் நீர்மட்டத்தைச் சொல்வேன். கரையில் அசையாத ஒரு கல்லையோ கம்பத்தையோ தேர்ந்துகொண்டு, நீர் எதுவரை நிற்கிறது என்று வாராவாரம் எழுதுங்கள். உப்புக்கொத்திக்கு அலகும் குட்டை, காலும் குட்டை. ஈரச் சேற்றில் ஓடி ஓடிக் கண்ணில் பட்டதைக் கொத்தும். கோரை உள்ளானுக்கு நீண்ட அலகு. அதன் நுனியில் தொடு உணர்வு இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத புழுவைச் சேற்றுக்குள் துழாவியே எடுத்துவிடும். நீர் நான்கு விரல் ஏறிச் சேறு மூழ்கினால் இரண்டும் காணாமல் போகும், நெடுங்கால் உள்ளான் மட்டும் அதே இடத்தில் நின்று மேயும். நீர்மட்டத்தை எழுதாதவர் ‘இந்த ஆண்டு உப்புக்கொத்தி வரவேயில்லை’ என்று கவலைப்படுவார். எழுதியவருக்கு, அது வந்து நிற்க இடமில்லை என்பது தெரியும். காற்று, மேகம், மழை ஆகியவை ஒரு வரியில் முடியட்டும்.

எண்ணத் தொடங்கிய பிறகு நடக்கும் ஒன்றை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எண்ணுவதற்காக நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, நின்று பார்த்தால் பறவை தன் குடித்தனத்தைக் காட்டிவிடுகிறது. டிக் போட்ட பாவத்துக்குப் பரிகாரமாகத் தாழைக்கோழிகளைப் பெரியவை, இளையவை, குஞ்சுகள் என்று பிரித்து எண்ணத் தொடங்கியிருந்தேன். பெரியவற்றுக்கு அலகு சிவப்பு, நுனி மஞ்சள். நீந்தும்போது வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கும், அடியில் வெள்ளை தெரியும். இளையவை மங்கலான பழுப்பு. குஞ்சுகள் கறுப்புப் பஞ்சுருண்டை, தலை மட்டும் சிவந்து வழுக்கையாக இருக்கும். ஒருநாள் பழுப்பு நிற இளசு ஒன்று பாசித் துணுக்கை அலகில் பிடித்துக்கொண்டு கோரைக்குள்ளிருந்து நீந்தி வந்தது. கறுப்புக் குஞ்சு ஒன்று கட்டைச் சிறகை உதறிக்கொண்டு எதிரே போய் வாயைத் திறந்தது. இளசு ஊட்டியது. குஞ்சு அதைத் தவறவிட்டது. இளசு நீரிலிருந்து எடுத்து மறுபடி ஊட்டியது. முதல் ஈட்டில் பிறந்த மூத்தவை அடுத்த ஈட்டுத் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவது தாழைக்கோழிகளில் நன்கு அறியப்பட்ட பழக்கம். நான் ஒன்பது ஆண்டுகள் அதைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

ஒரே இடத்தில் ஒரே பறவையின் பின்னால் அலைவதில் என்ன இருக்கிறது என்று தோன்றினால், மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், 1928 முதல் 8 ஆண்டுகள், வீட்டருகே இருந்த ஆற்றோரப் புதர்க்காட்டில், அங்கே சர்வசாதாரணமான ஒரு சிறு பாட்டுப் பறவையின் கால்களில் வண்ண வளையங்கள் மாட்டித் தனித்தனியாக அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்தார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடையாது. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே செய்த வேலை அது. பறவைகள் தம் எல்லையை எப்படிக் காக்கின்றன, ஜோடி எப்படிச் சேர்கின்றன என்பதைப் பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு அது முன்மாதிரியானது. (வளையம் மாட்டுவதற்கு இப்போது பயிற்சியும் அனுமதியும் வேண்டும். நீங்கள் இறங்க வேண்டாம்.)

நோட்டில் எழுதும் முறையைப் பற்றி ஒரே ஒரு வற்புறுத்தல்: சந்தேகமான பறவையின் பெயரை எழுதுவதற்கு முன் கண்டதை எழுதுங்கள். ‘தோளுக்கு முன்னால் வெள்ளை ஆப்புப் போல மேலேறுகிறது, பின்புறத்தை ஓயாமல் ஆட்டுகிறது, நீரை உரசியபடி விறைத்த சிறகோடு பறந்தது’ என்று எழுதியிருந்தால், அது ‘உள்ளான்’ என்றே அழைக்கப்படும் வகை (காமன் சாண்ட்பைப்பர்) என்பதை வீட்டில் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம். பெயரை முதலில் எழுதிவிட்டால் மனம் அந்தப் பெயருக்கு ஏற்ற அடையாளங்களைத் தானே வரைந்துகொள்ளும். கடைசிவரை தெரியாவிட்டால் ‘உள்ளான் இனம், எதுவென்று தெரியவில்லை, 1’ என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பென்சிலால் எழுதுங்கள், தூறலில் மை கரையும்.

கைபேசியில் ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பலரும் வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். ‘அந்தப் பக்கம் பார்’ என்று அது சொன்னால் பார்ப்பேன். அது சொன்னதற்காக மட்டும் எதையும் நோட்டில் ஏற்ற மாட்டேன். அது தவறும், தவறும்போதும் அதே தன்னம்பிக்கையோடுதான் பெயரைக் காட்டும்.

பைனாகுலர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வைத்திருப்பவர்களில் பலர் அதைச் சரிசெய்யாமலே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். வலப்பக்க வில்லையை மூடிவிட்டு, தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையை நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் வில்லையருகே உள்ள வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் கண்குவளைகளை உள்ளே தள்ளிவிடுங்கள். புதிதாக வாங்குவதானால் 8×42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். அதை 8ஆல் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 10×42இல் இது 4.2 ஆகக் குறைந்துவிடும், கைநடுக்கமும் கூடுதலாகத் தெரியும்.

அடிக்கடி போகிறவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு: எந்தப் புதரில் கூடு இருக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அலகில் இரையோடு ஒரு பறவை உள்ளே போகாமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் கூட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். உடனே நகருங்கள். கோரையை விலக்கிப் பார்க்காதீர்கள், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள், கூட்டின் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள்.

வேறு இடம் தேடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. நீங்கள் இன்னும் பார்க்காத நான்கு மாதங்கள் அந்தக் குளத்துக்கு இருக்கின்றன. ஒரு சுற்று முடியட்டும். அடுத்த வாரம் போகும்போது கரையில் அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தாழைக்கோழிகளில் தொடங்குங்கள்: பெரியவை எத்தனை, இளையவை எத்தனை, குஞ்சுகள் எத்தனை.