நகரத்துத் தெரு ஃபேஷன் பற்றிப் பொய் கலக்காமல் ஆவணப்படத் தொடர் எடுப்பது எப்படி?

நான் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன். திருநெல்வேலித் தெருக்களில் இளவட்டங்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று நண்பர்களோடு சேர்ந்து ஐந்து சிறு பகுதிகள் எடுத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் நாளே சொதப்பினேன். வண்ணாரப்பேட்டையில் கண்ணில் பட்ட நாலு பையன்களிடம், "நாளைக்கும் இதே மாதிரி வாங்க, எடுக்கலாம்" என்றேன். மறுநாள் நாலு பேரும் புதுச்சட்டை, புது ஷூ. ஒருவன் மச்சானின் கூலிங்கிளாஸை இரவல் வாங்கி மாட்டியிருந்தான். எரிச்சலில் ஒரு ஷாட்கூட எடுக்காமல் திரும்பிவிட்டேன். அந்த இரவல் கண்ணாடியைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அப்புறம் டவுன் ரதவீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் ஆல்டரேஷன் கடையில் போய் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் கேமராவே கொண்டுபோகவில்லை. டெய்லர் அண்ணாச்சி சொல்வதைக் கேட்டாலே ஊர் ஃபேஷனின் பத்து வருட வரலாறு கிடைத்துவிடும். முன்பெல்லாம் பேண்டைக் கொண்டுவந்து "பாட்டத்தைப் பன்னிரண்டாக்குங்க" என்பார்களாம், அதாவது கால் முனையின் சுற்றளவு பன்னிரண்டு அங்குலம். காலை நுழைக்க முடியாது, ஆனாலும் வேண்டும். இப்போது தொளதொளவென்று போடுவதுதான் ஸ்டைல். அதே பையன்கள் அதே பேண்டோடு வந்து பிரிக்கச் சொல்கிறார்கள். "வெட்டுன துணிய எங்க போயித் தேட?" என்று சிரித்தார். விவரமானவர், பாதிப் பேருக்கு வெட்டாமல் உள்ளே மடித்துத்தான் தைத்திருக்கிறார். அந்த மடிப்பைப் பிரித்தபோது உள்ளே வெளுக்காத நீலம் தெரிந்தது. தொடரிலேயே எனக்குப் பிடித்த ஷாட் அதுதான்.

நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார், 2016-இல் இறந்தார். ஐந்தாம் அவென்யூ, 57-ஆம் தெரு முனையில் வருடக்கணக்காக நின்று போகிறவர் வருகிறவரைப் படம் எடுத்தவர். நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அப்படி ஒரு முனையைத்தான். ஆளைத் தேடி அலைய வேண்டாம்.

பெண்களை எடுக்கும்போது குர்த்தி, ஜீன்ஸோடு நிறுத்திவிடாதீர்கள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்க வரும் அக்காவை விட்டுவிட்டு எடுத்தால் அது எங்கள் ஊர்த் தெருவே இல்லை. கேட்டபோது, "இதப் போயி எடுக்கியா? பொறு, சேலை உடுத்திட்டு வாரேன்" என்றார் ஒருவர். சம்மதம் வாங்க ஒரு வாரம் ஆனது.

இனி, எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே கையில் கட்டும் கயிற்றின் நிறம் வெறும் அலங்காரம் இல்லை, பல இடங்களில் சாதி அடையாளம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. எங்கள் முதல் எடிட்டில் ஒரு பையனின் மணிக்கட்டு குளோசப்பில் இருந்தது. பார்த்த நண்பர், "இது யாரு கைன்னு தெருவுல எல்லாருக்கும் தெரியும்லா" என்றார். வயிற்றைப் பிசைந்தது. இந்த விஷயத்தையே தவிர்த்தால் படம் பொய், காட்டினால் அந்தப் பையனுக்கு ஆபத்து. கடைசியில் கடையில் தொங்கும் கயிற்றுக் கொத்துகளை மட்டும் காட்டினோம். பையன்கள் சொன்னதை வேறொருவரைப் பேசவைத்து, குரல் அவர்களுடையதல்ல என்று திரையிலும் எழுதினோம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரிடமும் கேளுங்கள்.

தொழில்நுட்பம் பெரிதாக இல்லை. கடை டியூப்லைட் அடியில் ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1/60 வைத்தால் படம் மினுங்கும். மத்தியான வெயிலில் வெள்ளைச் சட்டை வெந்துபோகும், நாலு மணிக்கு மேல் எடுங்கள். கடை ரேடியோவை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாட்டுக்காரர்கள் காப்பிரைட் கேட்டு வருவார்கள். தையல் மெஷின் சத்தம் போதும்.