எஸ்டேட் கைமாறப் போகிறது, வேலையில் மனம் ஒட்டவில்லை. என்ன செய்வது?

தம்பி, சுங்கை சிப்புட் செம்பனை எஸ்டேட்டுக்கும் அதன் ஆலைக்கும் புது முதலாளி வருவதால் தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் பாதி பயம் உரிமை தெரியாததால் வருவது.

மலேசியாவின் 1980 பணிநீக்கப் பலன் விதிமுறைப்படி, கைமாறிய 7 நாளுக்குள் புது முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தந்தால் உங்கள் சர்வீஸ் அறுபடாது. தராவிட்டால், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்கு இழப்பீடு உண்டு: 5 ஆண்டு உழைத்திருந்தால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.

ஒட்டுக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் செய்தியை நம்பாதீர்கள், அதுதான் கவனத்தைத் தின்கிறது. சங்கப் பிரதிநிதியோடு போய் மானேஜரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். அப்புறமும் தூக்கம் வராவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.