சுடும்போது தானாகத் திறந்துகொள்ளும் ரைபிள்: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புது நாட்டில் முறையாக உரிமம் பெற்று, நடுவில் மடங்கித் திறக்கும் ஒற்றைக்குழல் ரைபிள் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். அது .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. முதல் நாள் சுட்ட பத்து வேட்டுகளில் மூன்று முறை வேட்டோடு வேட்டாகக் குழல் திறந்துகொண்டு, வெறும் பித்தளைக் கூடு தோளுக்கு மேலே பறந்திருக்கிறது. விற்றவரோ, இந்த வகையில் இது சகஜம், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையை இறுக்கிப் பிடித்துச் சுட்டால் போதும் என்கிறார். பழுது பார்க்கக் கொண்டுபோனால் உரிமத்துக்குச் சிக்கல் வருமோ என்ற பயத்தில் நீங்களே கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ரைபிளில் இனி ஒரு தோட்டாகூட இடாதீர்கள். ஏழு முறை திறக்கவில்லையே என்ற கணக்கு இங்கே செல்லாது. சிறு ரவைகள் நிறைந்த 12 போர் வேட்டைத் தோட்டாவுக்கு (ஷாட்கன் தோட்டா) அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு, உங்களுடைய .308 தோட்டாவுக்கு அது 62,000 பவுண்டு. அந்த அழுத்தம் பின்பக்கம் கசியாமல் அடைத்து நிற்பது மெல்லிய பித்தளைக் கூடு. அந்தக் கூட்டின் முதுகைத் தாங்கி நிற்பது துப்பாக்கியின் பின்சுவர். ரவை குழலைவிட்டு வெளியேற ஓரிரு மில்லி விநாடிகளே ஆகின்றன. இதுவரை குழல் திறந்தது அழுத்தம் இறங்கிய பிறகு என்பதால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இம்மி நேரம் முந்தித் திறந்தால், தாங்குசுவர் விலகிய கூடு அடியில் கிழிந்து, கொதிக்கும் வாயுவும் பித்தளைத் துணுக்குகளும் கன்னத்தையும் கண்ணையும் நோக்கி வரும். கையால் இறுக்கிப் பிடித்து அதைத் தடுக்க எந்த மனிதனாலும் முடியாது.

ஏன் திறக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழுது பார்ப்பவரிடம் பேசும்போது அது உதவும். வேட்டின்போது கூட்டின் அடி பின்சுவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. துப்பாக்கியின் உடற்பகுதி பின்னே போகப் பார்க்கிறது, குழல் முன்னே போகப் பார்க்கிறது, இரண்டையும் பிணைத்திருப்பது அடியிலுள்ள கீல் ஆணி. குழலின் துளை அந்த ஆணிக்கு மேலே இருப்பதால், இந்த இழுபறி குழலை ஆணியைச் சுற்றித் திருப்பி, அதன் வாயைத் தாழ்த்தித் திறக்கவே முயல்கிறது. அதை எதிர்த்து நிற்பது குழலின் பின்னடியில் வெட்டப்பட்ட சிறு படியின்மேல் வந்து உட்காரும் ஒரு தாழ் மட்டுமே. இவ்வகை ரைபிள்கள் பலவற்றில் அந்தப் படி மட்டமாக இருப்பதில்லை. ஆப்பைப் போல மிகச் சிறிய சாய்வோடு இருக்கும். ஸ்பிரிங் தள்ளத் தள்ளத் தாழ் உள்ளே போய் இறுகுகிறது. ஆனால் வேட்டு நேரத்தில் அதை வழுக்கவிடாமல் நிறுத்துவதில் ஸ்பிரிங்கின் பங்கு சிறிது. இரும்போடு இரும்பு உராய்ந்து நிற்கும் பிடிமானத்தின் பங்கே பெரிது.

இதை நான் என் சொந்த ரைபிளில்தான் கற்றுக்கொண்டேன். குடியேறிய மூன்றாம் ஆண்டில் எனக்கும் இதுவே நடந்தது. அசையும் உறுப்பெல்லாம் எண்ணெயில் ஊறினால் நல்லது என்று நம்பி, தாழிலும் படியிலும் தாராளமாக எண்ணெய் விட்டிருந்தேன். பழுது பார்ப்பவர் ரைபிளைத் திறந்ததும் படியை விரலால் தடவி, பளபளத்த விரல் நுனியை என் முகத்துக்கு நேரே காட்டினார். உராய்வால் பிடித்து நிற்க வேண்டிய இடத்தில் எண்ணெய் இருந்தால் தாழ் வழுக்கத்தான் செய்யும். தோட்டா அறைக்குள் எண்ணெய் இருந்தாலும் கேடுதான்: கூட்டின் பக்கங்கள் அறைச் சுவரைப் பற்றிக்கொள்ள முடியாமல் முழு உதையும் பின்சுவரின்மேல் விழும்.

அவர் எண்ணெயைத் துடைத்ததோடு விட்டிருந்தால், நானும் அதுதான் காரணம் என்று நம்பித் திரும்பியிருப்பேன். ஆனால் படியைச் சுத்தமாகத் துடைத்த பிறகு, புகையும் ஒரு சிறு விளக்கைக் காட்டி அதன்மேல் கரி படியவைத்து, ரைபிளை ஒருமுறை மூடித் திறந்தார். தாழ் முழு அகலத்தில் உட்கார்ந்திருந்தால் கரி முழு அகலத்திலும் அழிந்திருக்க வேண்டும். அழிந்திருந்ததோ இடது ஓரத்தில் நகக்கீறல் அளவு ஒரு கோடு மட்டுமே. எனக்கு முன்பு வைத்திருந்த யாரோ, மூடுவதற்குக் கடினமாக இருக்கிறது என்று அந்தப் படியை அரத்தால் ராவியிருக்கிறார். 62,000 பவுண்டு அழுத்தத்துக்கு எதிராக அந்தக் கோடு ஒன்றுதான் இத்தனை நாளும் காவல் நின்றிருக்கிறது. அரமும் உப்புத்தாளும் கையில் எடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. என் ரைபிளுக்குப் புதுத் தாழ் பொருத்தி, அதைப் படிக்கு ஏற்பக் கையால் இழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

வேறு காரணங்களும் உண்டு. வெறும் கூட்டை அறையிலிருந்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஒரு பித்தளைத் துணுக்கோ கருகிய வெடிமருந்தோ சிக்கியிருந்தால், குழல் முழுதாக மூடாமல் தாழ் பாதியிலேயே நிற்கும். காதுக்குக் ‘கிளிக்’ என்று கேட்டாலும் பிடிமானம் இருக்காது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். முன்கட்டைத் திருகு இளகியிருக்கலாம். கீல் ஆணி தேய்ந்து, குழலுக்கும் பின்சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கலாம். சில அமைப்புகளில் துப்பாக்கி உதைக்கும்போது சுடுபவரின் கட்டைவிரலே திறப்பு லிவரில் இடித்துவிடுவதும் உண்டு. பழையதாக வாங்கியதில் நான் முக்கியமாகச் சந்தேகிப்பது ஒன்றுண்டு: ஓர் உடற்பகுதிக்கு வேறொன்றின் குழலை மாட்டி விற்றிருக்கலாம். இத்தகைய குழல்கள் அந்தந்த உடற்பகுதிக்குப் பார்த்துப் பொருத்தப்பட வேண்டியவை. மாட்ட முடிவதாலேயே பொருந்திவிட்டதாக ஆகாது. அதிலும், வேட்டைத் தோட்டாவுக்காகச் செய்த உடற்பகுதியில் ரைபிள் குழலை ஏற்றியிருந்தால் அதன் இரும்பே இந்த அழுத்தத்துக்கானது அல்ல. இரண்டிலும் எண் பொறித்திருந்தால் அவை ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது பார்ப்பதும் துடைப்பதும் மட்டுமே. முதலில் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, குழலைத் திறந்து தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தாழ், படி, எக்ஸ்ட்ராக்டரின் பள்ளம் ஆகியவற்றை உலர்ந்த துணியால் துடையுங்கள். மெதுவாக மூடி, லிவர் முழுதாகத் தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்று பத்து முறை கவனியுங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றாமல் குழலைப் பக்கவாட்டில் அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று உணர்ந்து பாருங்கள். எல்லாம் சரியாகத் தோன்றினாலும் சோதனைக்காகச் சுட்டுப் பார்க்க வேண்டாம். அந்தச் சோதனை, உரிய அளவுக் கருவிகளும் தள்ளி நின்று விசையிழுக்கும் ஏற்பாடும் உள்ளவர் செய்ய வேண்டியது.

உரிமம் பற்றிய உங்கள் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். புதிதாக வந்தவர்கள் நாம், ஏதாவது கேட்டால் நம்மையே குற்றம் சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அந்தத் தயக்கத்தால் நான் இரண்டு மாதம் அந்த ரைபிளோடு சுடப் போய்க்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. கடைசியில் கொண்டுபோனபோது உரிமத்தைக் காட்டச் சொன்னார்கள், ரைபிளின் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உங்கள் உரிமத்தோடு தந்த நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிட்டு, பழுதுக்கு ஒப்படைக்க என்ன ஆவணம் வேண்டும், எப்படிப் பூட்டிக் கொண்டுவர வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். விற்றவரிடமும் குழல் திறந்துகொள்வதை எழுத்தில் தெரிவியுங்கள். அவர் அதை வேறொரு புதியவரிடம் தள்ளிவிடச் சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அங்கே மொழி திக்கினால் கவலை வேண்டாம். தாழ், படி, கீல் என்பவற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர் எனக்கும் அன்று தெரியாது. ஒரு தாளில் படம் வரைந்து அம்புக்குறி இட்டுக் காட்டினேன். உங்களிடம் அதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. அன்று சுட்ட பத்துக் கூடுகளையும் எறியாமல் வைத்திருந்தால், திறந்துகொண்ட மூன்றைத் தனியே பிரித்துக் கொண்டுபோங்கள். கூட்டின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் வெளியே துருத்தியிருக்கிறதா, அடிப்பக்கத்தில் புகைக்கரி படிந்திருக்கிறதா, அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிறதா என்று அவர் பார்ப்பார். தோட்டா வாங்கிய பெட்டியையும் உடன் கொண்டுபோங்கள்; யாராவது வீட்டில் மருந்து நிரப்பித் தந்த தோட்டாவாக இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.