மூன்று மாதமாக பீட்ரூட் ஜூஸ், ரத்தம் ஏறவில்லையே?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. வயது 38. குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினால் மூச்சு வாங்குகிறது, படபடப்பாக இருக்கிறது. சும்மா இருக்கும்போதெல்லாம் பச்சரிசியை மெல்லத் தோன்றுகிறது. மாதவிடாய் ஏழு நாள், கட்டி கட்டியாகப் போகும். ஹீமோகுளோபின் 8.4. பீட்ரூட், மாதுளை, பேரீச்சை எல்லாம் மூன்று மாதமாகச் சாப்பிட்டும் பயனில்லை. இரும்புச் சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போனது, பயந்து நிறுத்திவிட்டேன். ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8.4-க்கு பீட்ரூட் போதாது. நிறம்தான் சிவப்பு, 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. உங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையோ 29 மில்லிகிராம். மாதுளை இன்னும் மோசம்.

ரிப்போர்ட்டில் எல்லோரும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுவின் அளவு அது. 80-க்குக் கீழே என்றால் அணு சிறுத்திருக்கிறது. பெரும்பாலும் இரும்புக் குறை. பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறிலும் இப்படிச் சிறுக்கும், ஆனால் அதில் அணுக்களின் எண்ணிக்கை குறையாது. 100-ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறையைச் சந்தேகிப்போம். பி12 குறைந்தவர்களுக்குக் கால் எரிச்சல், மதமதப்பும் இருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எம்.சி.வி. சரியாக இருந்தும் ரத்தம் குறைந்தால் சிறுநீரகம், நாள்பட்ட நோய் என்று தேட வேண்டியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் பச்சரிசி ஆசையே பாதி சொல்லிவிட்டது. இரும்பு குறைந்தவர்களுக்குத்தான் சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி மீதெல்லாம் நாக்கு போகும். மீதியை மாதவிடாய் சொல்கிறது. மாதாமாதம் இவ்வளவு ரத்தம் போனால் என்ன சாப்பிட்டும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அதனால் உடலில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையோடு கர்ப்பப்பை ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் கட்டாயம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையிலோ மகளிர் பிரிவில் காட்டுங்கள்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பியுங்கள். மலம் கறுப்பது உடலில் சேராத இரும்பினால், பயப்பட ஒன்றுமில்லை. தார் மாதிரிப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலுமிச்சைச் சாறு துணை செய்யும். டீயும் கால்சியம் மாத்திரையும் கெடுக்கும். இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். நம் பக்கத்தில் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறோமே, அந்தப் பழக்கம் முதலில் போகட்டும்.

சாப்பாட்டில் ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), காசிமேட்டு நெத்திலி, முருங்கைக்கீரை சேருங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் நம்பினால் 8.4 ஏறாது.

ஊசி இப்போது வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்றாலோ உடலில் சேரவில்லை என்றாலோதான் அது; அதுவும் மருத்துவமனையில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரு மாதம் கழித்து ரத்தம் பாருங்கள், ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். 12 வந்தபிறகும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும், சேமிப்பு நிரம்ப. இதற்கிடையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.