வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்: நீலகிரி மழைக்காலக் கேள்வி பதில்

அக்டோபர் பிறந்துவிட்டது. மழை வலுப்பதற்குள் வீட்டில் என்ன செய்து வைக்கலாம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். நான் கட்டடப் பொறியாளர். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சரிவில் நிற்கும் வீடுகளைப் பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. வீட்டுக்குப் பின்னால் மேட்டைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், மழையில் மண் சரியும் என்று அடிக்கடி எழுதுபவன். வந்த கேள்விகளைச் சுருக்கி, வந்த வரிசையிலேயே தருகிறேன்.

கேத்தியிலிருந்து ஓர் அம்மா: 2009 மாதிரி மறுபடியும் வருமா சார்? வீட்டில் இருந்தபடியே முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

வரும் அம்மா. எந்த வருடம் என்றுதான் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் உங்கள் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை. அந்த சில நாட்களில் மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது, 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்கு முன் 1978-இலும், அப்புறம் 1993-இல் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்திலும் இப்படி மண் சரிந்தது.

நம் மலையில் அடியில் இருப்பது கெட்டியான சார்னோகைட் பாறை. அதன்மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண். இரண்டுக்கும் நடுவில் பல இடங்களில் வழவழப்பான களி இருக்கும். நாலைந்து நாள் மழையில் இறங்கிய தண்ணீர் களியைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கும். மேல்மண்ணுக்குப் பிடிப்பு போய்விடும். அந்த நிலையில் ஒரே இரவில் கொட்டும் மழைதான் ஆளைக் கொல்கிறது. அதனால் இன்றைய மழையை மட்டும் பார்க்காதீர்கள், இந்த வாரம் மொத்தம் எவ்வளவு பெய்தது என்று பாருங்கள்.

நேரான பக்கம் உள்ள ஒரு பிஸ்கட் டின்னை மொட்டை மாடியில் வையுங்கள். பக்கெட் வேண்டாம், அது மேலே அகலம். தினமும் காலை 8.30-க்கு அடிஸ்கேலை விட்டு அளந்து, காலண்டரில் எழுதிவிட்டுக் கொட்டுங்கள். ஒரே நாளில் 20 செ.மீ. தாண்டினால் வானிலை மையம் அதை அதிகனமழை என்று சொல்லும். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் அதற்குப் பாதியிலேயே கிளம்பலாம்.

டின்னைவிட முக்கியம் கண். தரையில் புது விரிசல், நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இடிப்பது, சாய்ந்த மின்கம்பம், இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஓடைத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டு, அப்புறம் 1077-க்குப் போன் செய்யுங்கள். முடிந்தவரை இருட்டுவதற்குள்.

கூடலூர்: எங்களுக்கு அக்டோபர் மழை அவ்வளவு இல்லையே?

சரியான கேள்வி. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஆபத்து. குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அடித்துக்கொண்டு போன மலை உங்களுக்குப் பக்கத்து மலைதான். அங்கே பலருக்குத் தங்கள் வீட்டுப் பின்மேடு சரியவில்லை. கிலோமீட்டர்கணக்கில் மேலே உடைந்த மண்ணும் பாறையும் ஓடை வழியாக இறங்கியது. எனவே ஓடைக்கரையில் வீடு இருந்தால், சுற்றிலும் சமதளமாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும் பையை நீங்கள் மே மாதமே கட்டிவிட வேண்டும்.

பந்தலூர்: பிரிவு 17 நிலத்தில் (கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் வரும், உரிமை தீராத நிலம்) வீடு. இடிந்தால் நிவாரணம் உண்டா?

இது சட்டம் தெரிந்தவர் சொல்ல வேண்டியது. வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டின் நாலு பக்கப் படத்தையும் தேதியோடு இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

குன்னூர், கட்டட ஒப்பந்தக்காரர்: வெட்டாதே வெட்டாதே என்று எழுதுகிறீர்கள். இந்த மலையில் வெட்டாமல் எங்கே வீடு கட்டுவது? தடுப்புச் சுவர் வைத்தால் போதாதா?

அண்ணா, வெட்டவே கூடாது என்று நான் சொன்னதில்லை. பத்தடி மண்ணைப் பொக்லைன் விட்டுச் செங்குத்தாக வெட்டி, அந்த வெட்டுக்கு இரண்டடி தள்ளிச் சமையலறைச் சுவரை எழுப்புவதைத்தான் சொல்கிறேன். ஒரு கன மீட்டர் ஈர மண் கிட்டத்தட்ட இரண்டு டன். பத்தடி உயரத்துக்கு முப்பதடி நீளம் சரிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வெட்டின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் வீடு தள்ளி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அதே நண்பர் மறுபடியும்: அஞ்சு சென்ட் இடம் வைத்திருப்பவனுக்கு அவ்வளவு தள்ள இடம் ஏது? நான் கட்டிய சுவர்கள் 15 வருடமாக நிற்கின்றன.

நின்ற சுவர்களை நானும் பார்த்திருக்கிறேன், விழுந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வித்தியாசம் தண்ணீரில்தான் இருந்தது. சுவரில் வடிதுளை விட்டீர்களா? துளைக்குப் பின்னால் ஜல்லி நிரப்பினீர்களா, வெட்டிய மண்ணையே தள்ளி மூடினீர்களா? மேட்டின் தலையில் கால்வாய் உண்டா? கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? ஆயிரம் சதுர அடிக் கூரையில் 20 செ.மீ. மழை பெய்தால் 18,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அதைச் சுவருக்குப் பின்னால் விட்டுவிட்டு, சுவர் கனமாக இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

இடம் சின்னது என்பது உண்மையான கஷ்டம், மறுக்கவில்லை. அப்படியானால் ஒரே வெட்டாக வெட்டாமல் இரண்டு படியாக வெட்டுங்கள். அகலத்தைக் குறைத்து வீட்டைச் சரிவின் குறுக்கே நீளமாக வையுங்கள். படுக்கையறையை மேட்டுப் பக்கம் வைக்காதீர்கள். வெட்ட அனுமதியும் வாங்குங்கள்; இந்த மாவட்டத்தில் பொக்லைனுக்குக் கட்டுப்பாடு இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இதைப் படித்த கோத்தகிரி விவசாயி ஒருவர்: எங்கள் ஹட்டி (படகர் ஊர்) முன்னோர் காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது. அவர்கள் பொறியாளரைக் கேட்டா கட்டினார்கள்?

ஐயா, நீங்கள் சொன்னது எனக்குச் சாதகமான சாட்சி. பழைய ஹட்டிகளைப் போய்ப் பாருங்கள். மலைமுதுகில், மெல்லிய சரிவில், நீரோட்டத்தை விட்டு விலகி வரிசையாக இருக்கும். ஓடையையும் சதுப்பையும் விட்டுவைத்தார்கள். இப்போது நாம் வீடு கட்டுவது அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தில். ஹட்டி நிற்கிறது என்பதால் ஹட்டிக்குக் கீழே போன வருடம் வெட்டிய மனையும் நிற்கும் என்று ஆகாது.

ஒப்பந்தக்காரர் மூன்றாவது முறையும் எழுதியிருக்கிறார், வடிதுளைக்கு எத்தனை அங்குலக் குழாய் என்று. மூன்று அங்குலம், ஐந்தடிக்கு ஒன்று, மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் மாற்றி மாற்றி. அவர் கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

எங்கள் ஊர் பாதுகாப்பானதா? (எடப்பள்ளி, கொலக்கம்பை, அருவங்காடு, இன்னும் ஆறு ஊர்கள்)

ஊர்ப் பெயரை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. தயவுசெய்து இதையே திரும்பக் கேட்காதீர்கள். மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை ஆபத்தானவை என்று குறித்திருக்கிறது. உங்கள் ஊர் அதில் உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பட்டியலில் இல்லாத ஊரிலும் பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய வீடு ஆபத்தில்தான் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஊரிலும் மேட்டில் தள்ளி நிற்கும் வீடு தப்பலாம். உங்கள் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒரு தங்கை: நாங்கள் எதையும் வெட்டவில்லை. மேலே ரோடு போட்டதும் எங்களைக் கேட்டு அல்ல. நாங்கள் என்ன செய்வது அண்ணா?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை அம்மா. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்டும் போனும் இல்லாததால் வெளியுலகத்துக்குத் தெரியவே மறுநாள் காலையாகிவிட்டது. அவர்களும் எதையும் வெட்டவில்லை.

உங்கள் கையில் இருப்பது மூன்று காரியம். லயனுக்கு மேலே உள்ள கால்வாயை எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தூர்வாருங்கள். ரோட்டுத் தண்ணீர் லயன் பக்கம் திரும்புகிறது என்று படத்தோடு நிர்வாகத்துக்கும் வட்டாட்சியருக்கும் எழுதிக் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை வாங்கி வையுங்கள். இராத்திரி ஒருவர் முறைவைத்து விழித்திருங்கள், கையில் ஒரு விசில். ஊதினால் எல்லோரும் எந்தப் பக்கம் ஓடுவது என்று இப்போதே நடந்து பாருங்கள். சரிவு வரும் திசையில் கீழே ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஓட வேண்டும்.

பையில் என்ன வைப்பது? (பதினொரு பேர்)

ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, பாங்க் புத்தகம் எல்லாம் பாலித்தீனில். ஒரு வார மாத்திரை. டார்ச், விசில், பவர் பேங்க், பேட்டரி ரேடியோ. அவல், பொட்டுக்கடலை, பேரீச்சை. ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று. முகாமில் குளிர்தான் முதியவர்களை வாட்டும். கிளம்பும்போது காஸ் ரெகுலேட்டரை மூடி, மெயின் சுவிட்சை அணையுங்கள்.

உதகை: கரண்ட் போனால் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனை தெரியாமலே கொல்லும். கம்பளி போர்த்துங்கள்.

வீட்டின்மேல் சாயும் சீகை மரம்? சொந்த நிலத்து மரமானாலும் இங்கே அனுமதி வேண்டும். கோட்டாட்சியருக்குப் படத்தோடு மனு, இந்த வாரமே.

நிலநடுக்கம் வருமா? 1900-இல் கோவைப் பக்கம் ஒன்று வந்தது. ஆனாலும் முதலில் மழைக்குத் தயாராகுங்கள்.

யானை? வனத்துறையைக் கேளுங்கள்.

கோத்தகிரி: பாட்டி வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறார். மாடு இரண்டு இருக்கிறது, அதை யார் பார்ப்பது என்கிறார்.

பாட்டி சொல்வது நியாயம், அவரிடம் சண்டை போடாதீர்கள். முதலில் மாட்டுக்கு இடம் பாருங்கள். மேட்டில் யார் தொழுவத்தில் இரண்டு நாள் கட்டலாம் என்று இப்போதே பேசி வையுங்கள். மழை இல்லாத ஒரு மதியம் பாட்டியையும் மாட்டையும் கூட்டிக்கொண்டு அங்கே நடந்து போய், டீ குடித்துவிட்டு வாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்று சாயங்காலம் நாலு மணிக்கே மாட்டை ஓட்டிவிடுங்கள். மாடு போனால் பாட்டி பின்னாலேயே வருவார். அப்படியும் நேரமாகிவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.