அறத்துணிவை ஒருநாள் முகாமில் கற்பிக்க முடியுமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் 8ஆம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் பாடம் வாசிக்க எழுந்தாலே நாலைந்து பேர் அவனைப் போலத் திக்கிக் காட்டுகிறார்கள், வகுப்பே சிரிக்கிறது. பிறகு மூன்று பிள்ளைகள் தனித்தனியே வந்து, “பாவமா இருந்துச்சு மிஸ், ஆனா சொல்லப் பயமா இருந்துச்சு” என்றார்கள். அறத்துணிவை, அதாவது தவறு நடக்கும்போது பயந்து ஒதுங்காமல் குரல் கொடுக்கும் துணிவை வளர்க்க, 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 80 பேருக்கு ஒருநாள் முகாம் நடத்தத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார்; நல்ல பேச்சாளர் ஒருவரை அழைக்கலாம் என்கிறார். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: உங்களிடம் வந்த அந்த மூன்று பிள்ளைகளை வைத்தே முகாமைத் திட்டமிடுங்கள். கேலி செய்வது தவறு என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே, அதையே இரண்டு மணி நேரம் எடுத்துச் சொல்ல ஒரு பேச்சாளர் தேவையில்லை. அந்த நொடியில் வாயைத் திறப்பதற்கான சொல்லும், தனக்கு முன் இன்னொருவர் திறப்பார் என்ற நம்பிக்கையும்தான் அவர்களிடம் இல்லை.

இது உங்கள் வகுப்புக்கு மட்டும் உரிய குறை அன்று. 1968இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் நியூயார்க்கில் நடத்திய சோதனையில், அடுத்த அறையில் ஒருவர் வலிப்பால் தவிப்பதைத் தான் மட்டுமே கேட்பதாக எண்ணியவர்களில் 85 விழுக்காட்டினர் உடனே உதவிக்கு எழுந்தனர். வேறு நால்வரும் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியவர்களில் அப்படி எழுந்தோர் 31 விழுக்காட்டினரே. கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு கரைந்துபோகிறது. இதற்கு மருந்தாகும் செய்தி உளவியலாளர் சாலமன் ஆஷின் சோதனைகளில் இருக்கிறது: எல்லோரும் தவறான விடையைச் சொல்லும்போது சரியாகச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தாலும், கூட்டத்துக்கு இணங்கித் தவறாகச் சொல்வது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. டொராண்டோ பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வோ, உடன் இருந்த பிள்ளைகள் குறுக்கிட்டபோது 57 விழுக்காட்டு நிகழ்வுகளில் 10 நொடிக்குள் கொடுமை நின்றது என்கிறது.

எனவே முகாமின் பெரும்பகுதியை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். ஐந்தைந்து பேராகப் பிரித்து, சத்துணவு வரிசை, பேருந்து நிறுத்தம், வகுப்பு வாட்ஸ்அப் குழு போன்ற அன்றாட இடங்களில் நடப்பதை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் நடத்திய ஒரு முகாமில், “விடுடா, அவன் வாசிக்கட்டும்” என்ற ஒற்றை வரியைச் சொல்ல எழுந்த சிறுமி முதல் முறை சிரித்துவிட்டாள். இரண்டாம் முறை தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். நான்காம் முறைதான் கேலி செய்பவனாக நடித்தவனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அந்த நான்கு முறைக்கும் நேரம் கொடுப்பதுதான் முகாமின் வேலை. எதிர்த்துப் பேச இயலாத பிள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு: சிரிக்காமல் இருப்பது, கேலிக்கு ஆளானவனிடம் போய் “வா, சாப்பிடப் போகலாம்” என்று அழைத்துச் செல்வது, பெரியவர் ஒருவரிடம் சொல்வது. இவையும் துணிவுதான் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

ஒன்றை உறுதியாகத் தவிர்க்கச் சொல்வேன். மாலையில் விளக்கை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, எல்லோர் முன்னிலையிலும் தத்தம் வேதனையைச் சொல்லி அழவைக்கும் வழக்கம் பல முகாம்களில் இருக்கிறது. அன்று நெகிழ்ச்சியாகத் தோன்றும். ஆனால் அங்கே சொன்னது மறுநாள் வகுப்பில் ஆயுதமாகலாம். யாராவது பாலியல் தொல்லை குறித்துச் சொன்னால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்களிக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

முகாமுக்கு முன்பே ஆசிரியர்கள் கூடிப் பேசுவது மிக முக்கியம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லை குறித்துப் பள்ளியில் முறையிட்ட 12ஆம் வகுப்பு மாணவர் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்கப்போன தங்கையும் காயமடைந்தார். சொல்லும் பிள்ளையைக் காக்க வழி செய்யாமல் ‘துணிந்து சொல்’ என்பது பெரியவர்கள் செய்யும் துரோகம். சாதி கலந்த பகை இருக்கும் வகுப்பில், தனியாக எதிர்த்து நிற்கும்படி எந்தப் பிள்ளையையும் தூண்டாதீர்கள். மாணவர்கள் தம் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியை யார் திறக்கிறார், எந்தக் கிழமை திறக்கிறார், எழுதியவர் பெயர் எப்படிக் காக்கப்படும் என்பதை முதலில் முடிவு செய்து, முகாமிலேயே பிள்ளைகளுக்கு அறிவித்துவிடுங்கள். பிறகு எட்டு வாரங்களுக்காவது வாரம் ஒரு பாடவேளையில் ஒத்திகையைத் தொடருங்கள். ஒருநாள் முகாம் தானாக நிலைத்து நிற்காது.

கடைசியாக, அந்த மாணவனைப் பற்றி. முகாமுக்கு ஒரு வாரம் முன்பே அவனிடம் தனியாகப் பேசுங்கள். அவன் கதையை நாடகமாக்காதீர்கள். திக்குவாயை ஒத்திகைக்கான பொருளாகவே எடுக்க வேண்டாம். வகுப்பில் வாசிக்க விருப்பமா, எப்போது, எவ்வளவு என்பதை அவனே சொல்லட்டும். அவன் வாசிக்கும்போது உங்களிடம் வந்த அந்த மூவரையும் அவனுக்கு அருகிலேயே உட்கார வையுங்கள்.