பழைய தேக்கு டைனிங் டேபிளில் வெள்ளை வளையம்: மரம் கெட்டுவிட்டதா?

மும்பை மாட்டுங்கா வீடுகளில் தாத்தா காலத்து தேக்கு டேபிளைப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. பெரும்பாலும் கெடவில்லை. கெட்டது மேலே உள்ள பாலிஷ்தான்.

பழைய சாமான்களில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. சூடான குக்கரை வைத்ததும் ஈரம் அந்தப் படலத்துக்குள் புகுந்து வெளுத்துத் தெரிகிறது. கறை கறுப்பாக இருந்தால் ஈரம் மரம் வரை இறங்கியிருக்கும்.

பாலிஷைப் புதுப்பிப்பது என்றால் பழைய படலத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது. உதிர்கிற சுண்ணாம்புச் சுவரில் அப்படியே பெயிண்ட் அடித்தால் நிற்குமா? அதே கதைதான் இங்கேயும்.

முதலில் டேபிளின் அடிப்பக்கம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அப்புறம் 120, பிறகு 220 எண் உப்புத்தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் ஏறியதும் அந்தக் கீறல் பளிச்சென்று தெரியும், மனசு வலிக்கும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வேலை வேண்டாம். மழைக்கால ஈரத்தில் புதுப் படலமும் வெளுக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பாலிஷ் திரும்பிவிடும் என்பது தவறு. சில நாள் மினுக்கிவிட்டு, தூசியைத்தான் பிடித்து வைக்கும்.